புளியடியில் அணைந்த கற்பூரம்

ரிசார்ட் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மேலே தோட்டத்தில் மங்குஸ்தான் பழுத்திருப்பது தெரியாது. சாரல் காலத்தில் மலையில் பாதியை மேகம் மூடிவிடும், மீதியை ரிசார்ட்டுக்காரர்கள் அழகுக்கு நட்ட மூங்கில் மறைத்துவிடும். ஆனாலும் ஆனந்தவள்ளிக்குத் தெரியும். ஆனி பிறந்து காற்று குளிர ஆரம்பித்தால் மேல்வரிசை மரங்களில்தான் முதலில் நிறம் மாறும், ஓடைக்கரை மரங்கள் அப்புறம். அவளுடைய அப்பா வைத்த மரங்கள் அவை. மகனுக்குக் கீழே வயலைக் கொடுத்துவிட்டு, தோட்டத்தை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார்.

அன்றைக்குக் கூடை, சும்மாட்டுத் துணி, நுனியில் வலைப்பை கட்டிய தொரட்டி எல்லாவற்றோடும் கேட்டுக்கு வந்தாள். இடுப்பில் சாவி இருந்தது. பூட்டு வேறாக இருந்தது.

காவலுக்கு நின்ற மகாதேவன் செங்கோட்டைக்காரன். குடையை மடக்கிக்கொண்டு கிட்டே வந்தான். பூட்டை மாற்றியாகிவிட்டது, மேனேஜரைக் கேட்காமல் திறக்கக்கூடாது என்று உத்தரவு என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தொரட்டியைப் பார்த்தான்.

"பழம் கீழ விழுந்தா ஓடு கல்லாப் போவும் தம்பி. பெறவு மாடுகூட திங்காது. ஒரு கூடை மட்டும் பறிச்சிட்டு வந்திருதேன்."

"வயித்துப்பாட்டுக்கு நிக்கேன் அக்கா. என்னைய ஒண்ணும் கேக்காதீய."

அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ரிசார்ட் கார்கள் இரண்டு மூன்று ஏறின, கேட் திறந்தது, மூடியது. மத்தியானம் வரை இருந்து பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

இந்த இடத்தை இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து, புளியமரத்தடியில் இருக்கிற மாடன் சாமியைத் தாண்டி ஒரு ஒற்றையடிப் பாதை மேலே ஏறும். போகிற வழியில் அது பழைய எஸ்டேட்டின் ஜீப் ரோட்டில் சேர்ந்து, கொஞ்ச தூரம் கூடவே போய், ஒரு வளைவில் மறுபடி பிரிந்து ஆனந்தவள்ளியின் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்துக்கும் மேலே ஒரு மொட்டைப் பாறை. வானம் வெளுத்திருக்கிற நாளில் அங்கே நின்றால் தென்காசிக் கோபுரம் தெரியும். அதற்கு அப்பால் வனத்துறை எல்லை, யாரும் போகக்கூடாது. தோட்டத்துக்கு வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் ஓடை.

எஸ்டேட்டுக்காரர்கள் இருந்த வரைக்கும் அந்தப் பாதையைப் பற்றி யாரும் பேசியதில்லை. விறகுக்குப் போகிறவர்கள் போனார்கள், மாடு போனது, மாடனுக்குப் பொங்கலிட்டவர்கள் பாறைவரை ஏறி உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அப்புறம்தான் மலையேறிகள் வர ஆரம்பித்தார்கள். சென்னை, மதுரை, பெங்களூர்ப் பிள்ளைகள். முதுகில் பெரிய பை, காலில் ஆளைவிட விலை கூடிய ஷூ. அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவன் பாண்டிராஜ், ஆனந்தவள்ளியின் தம்பி. அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து ஆளுக்கொன்று கொடுப்பான், பாறையில் உட்கார வைத்து வாழையிலையில் கட்டின கூட்டாஞ்சோறு போடுவான். பிள்ளைகள் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, கைடு அண்ணா என்று உலகத்துக்கே காட்டினார்கள்.

இதுதான் ஆனந்தவள்ளியின் புருஷன் இசக்கியப்பனுக்குப் பொறுக்கவில்லை. அவர் போலீஸில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ரோட்டில் அவர் போனால் சைக்கிளை விட்டு இறங்கியவர்கள் இப்போது இறங்குவதில்லை. ஆனால் கைலி கட்டின மச்சினனுக்கு வெளியூர்க்காரன் எல்லாம் கைகொடுக்கிறான். தோட்டத்தில் பழம் பறிக்கிறார்கள், தண்ணீர்ப் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவர் சொன்ன குற்றச்சாட்டு பொய் இல்லை. ஆனால் அவருக்கு எரிந்தது பாட்டிலுக்காக இல்லை. அது சுத்தமான பொறாமை.

எஸ்டேட் கைமாறி ரிசார்ட் வந்தது. ஜீப் ரோட்டுக்குக் காங்கிரீட் போட்டார்கள், ஒற்றையடிப் பாதை வந்து சேருகிற இடத்தில் கேட் போட்டார்கள், "தனியார் சாலை" என்று பலகை வைத்தார்கள். பாண்டிராஜ் ஊரைக் கூட்டி, இது பொதுவழி, கேட்டை எடு என்று நின்றான். அதிகாரிகள் விசாரிக்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் மேனேஜர் விஜயசங்கர் அல்வாப் பொட்டலத்தோடு இசக்கியப்பன் வீட்டுக்கு வந்தான். சார், கேட்டு கண்டவனும் வராமல் இருக்கத்தான், நீங்கள் எங்கள் ஆள் என்று சொல்லி ஒரு சாவியைக் கையில் கொடுத்தான். ஊரில் எத்தனையோ பேர் இருக்கத் தன் வீட்டைத் தேடி வந்து சாவி கொடுத்திருக்கிறானே என்று இசக்கியப்பனுக்கு மனசு நிறைந்துபோனது. நாலைந்து நாள் அதை அரைஞாணில் கோத்துக்கொண்டு திரிந்தார்.

விசாரணை அன்று ஊர் இரண்டாக நின்று சத்தம் போட்டது. அதிகாரி சலித்துப்போய், உங்களுக்குள் பேசி ஒரு முடிவு சொல்லுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பேசித் தீராததற்கு ஒரு வழி உண்டு. மாடன் முன்னால் கற்பூரம் ஏற்றி, சொல்லவேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அமர்த்தி அணைத்துவிட்டால் அதற்கு மேல் எவனும் வாய் திறக்கமாட்டான். பாதையை ஒட்டிப் பட்டா உள்ளது இசக்கியப்பன் வீட்டுக்குத்தான், அவர் சத்தியம் செய்தால் ஒத்துக்கொள்கிறோம் என்று இரண்டு பக்கத்தாரும் சொன்னார்கள். சொந்த அத்தான், பெண்டாட்டி தோட்டத்துக்கே அதுதான் வழி, வேறு என்ன சொல்லிவிடப் போகிறார் என்று பாண்டிராஜும் தலையாட்டினான்.

இசக்கியப்பன் சட்டையைக் கழற்றினார். "இங்கன பொதுவழின்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் கெடையாது. பழைய மொதலாளி பெரிய மனசு பண்ணி எங்க வீட்டாளுவள விட்டாரு. அம்புட்டுதான். இது பொய்யின்னா எங் கொலம் வெளங்காது" என்று சொல்லிக் கற்பூரத்தின்மேல் கையை வைத்தார்.

அந்த நேரத்தில்தான் மேலேயிருந்து ஆனந்தவள்ளி இறங்கி வந்தாள். அது கிராம்பு பறிக்கிற காலம். தலையில் கிராம்பு மொட்டுக் கூடையோடு, அந்த ஒற்றையடிப் பாதை வழியாகவே, எதுவும் தெரியாமல் புளியடிக்கு வந்து நின்றாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளுக்கு இடம் விட்டது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. புருஷனின் உள்ளங்கையில் கரியைப் பார்த்துவிட்டு அவளே புரிந்துகொண்டாள்.

வீட்டில் வந்து அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் இப்பம் எதுவழியா எறங்கி வந்தேன்?"

இசக்கியப்பன் உள்ளங்கைக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

பாண்டிராஜ் அன்றோடு மலையேறிகளைக் கூட்டிப்போவதை விட்டுவிட்டான். இப்போது ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். அக்காள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. கேட்டுச் சாவியால் ஆனந்தவள்ளியின் தோட்டப்பாடு மட்டும் தடையில்லாமல் நடந்தது, அந்த வருஷப் பழமும் கீழே இறங்கியது.

அடுத்த சித்திரையில் விஜயசங்கர் மறுபடி வந்தான். தோட்டத்தை ரிசார்ட்டுக்கு விலைக்குக் கேட்டான். மேலே குடில் கட்டினால் கோபுரம் தெரியுமாம். ஆனந்தவள்ளி, அது எங்கள் அப்பா வைத்த மரம், விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அவனும் சிரித்த முகமாகக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனான். பூட்டு மாறியது அதற்கு அப்புறம்.

கூடையோடு அவள் திரும்பி வந்த அன்று இசக்கியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரிசார்ட் ஆபீசுக்குப் போனார். விஜயசங்கர் எழுந்து நின்று நாற்காலி போட்டான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"சார், நீங்களே ஊர் முன்னால சொன்னதுதானே. மொதலாளி அனுமதி குடுத்தாப் போகலாம்னு. பழைய மொதலாளி குடுத்தாரு. புது மொதலாளி குடுக்கல. நான் சம்பளக்காரன் சார்."

இசக்கியப்பன் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார். இடத்துக்கே வந்து பார்க்கிறேன், காலங்காலமாக வழி இருந்தது என்று ஊரில் நாலு பேர் சொல்லட்டும், கேட்டைத் திறக்கச் சொல்லிவிடலாம் என்றார் தாசில்தார். நல்ல மனுஷர். நாலு பேர் என்றதும் இசக்கியப்பனுக்குத் தெம்பு வந்தது. வேலையில் இருந்த காலத்தில் இல்லாத திருட்டுக்கெல்லாம் சாட்சி பிடித்தவர் அவர், இருக்கிற பாதைக்குக் கிடைக்காதா.

கிடைக்கவில்லை. டீக்கடைக்காரர், கேட்டு வரும்வரை அந்தப் பாதையில் விறகு சுமந்தவர், தனக்கு முட்டு வலி, மலைப்பக்கம் போனதே இல்லை என்றார். மாடு மேய்க்கிற பேராச்சி, "எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும், மாட்டுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாணியை அள்ளப் போய்விட்டாள். வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், ஒருத்தரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. பழைய கோபத்தை வைத்துக்கொண்டு பழி வாங்குகிறார்கள் என்று அவர் நினைத்தார். ஊரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கடைசியில் மச்சினனைத் தேடி ஐந்தருவிக்குப் போனார்.

அருவியில் தண்ணீர் ஐந்து பிரிவாகவும் விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எண்ணெய் வாடை, பஜ்ஜி வாடை. பாண்டிராஜ் ஒரு தடித்த ஆளைக் கல்லில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். அத்தானைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. அந்த ஆள் எழுந்து அருவிக்குப் போன பிறகுதான் துண்டால் கையைத் துடைத்தான்.

"நீ சொன்னா ஊரே சொல்லும்லே" என்றார் இசக்கியப்பன். "எத்தன பேரக் கூட்டிட்டுப் போயிருக்கே. ஒனக்கும் அந்த வழி வேணும்லா. பழசையெல்லாம் மனசுல வச்சிக்கிடாத."

"பழசு ஒண்ணும் இல்ல அத்தான்."

"பெறவு என்னலே?"

பாண்டிராஜ் எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். "முத்துச்செல்விக்கு இது எத்தனாவது மாசம்?"

இசக்கியப்பனுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. முத்துச்செல்வி அவருடைய ஒரே மகள். புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். பல வருஷம் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இப்போதுதான் உண்டாகிப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

"வழி இருந்துச்சின்னு நான் சொன்னா நீங்க அமத்துன கற்பூரம் பொய்யாப் போவும். கொலம் வெளங்காதுன்னு நீங்கதான சொன்னிய. ஒங்க கொலம் இப்பம் எங்கன இருக்கு? அவ வயித்துலதான இருக்கு. ஊருக்காரன் ஒங்க மேல உள்ள கோவத்துலயா வாய மூடிக்கிட்டு இருக்கான்னு நெனைக்கிய? அந்தப் புள்ளைக்காவத்தான். தாய்மாமன் நான், எங் கையால அதுக்குக் குழி தோண்டச் சொல்லுதியளா?"

"அவனுக்குத் தெரியாதாலே, மாடனுக்கு? நான் சொன்னது பொய்யின்னு அன்னைக்கே தெரியாதா?"

"தெரியும். நாங்க யாரும் சொல்லலேல்லா."

மாடனுக்குத் தெரிந்தே இருக்கும், ஆனால் நாலு பேர் வாயால் பொய் என்று வெளியே வந்துவிட்டால் அவன் சும்மா இருக்க முடியாது என்பதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. படித்தவர்கள் சிரிக்கலாம். இசக்கியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஆள் வந்து கல்லில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினான். பாண்டிராஜ் கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

வீட்டில் ஆனந்தவள்ளி மகளுக்கு உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டபோது அவள் கை நிற்கவில்லை. களி அடிபிடித்துவிடும் என்பதற்காக இல்லை, அவளுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஊரில் ஒவ்வொரு முகமும் ஏன் கவிழ்கிறது என்பது மகள் வந்து இறங்கிய அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. யாராவது ஒருவர் துணிந்து சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு மனசும், சொல்லிவிடக்கூடாதே என்று ஒரு மனசுமாக அவள் இருந்தாள். மேலே மரங்களில் பழம் கறுத்துக்கொண்டிருந்தது. குரங்கும் மலையணிலும் தின்றதுபோக மீதி விழும். விழுந்தது கல்லாகும்.

முத்துச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். படித்த பெண், நாலு ஊர் பார்த்தவள். தாசில்தார் வரும்போது அம்மாவே சொல்லட்டும், தோட்டம் அம்மா பேரில் இருக்கிறது, அம்மா வாயால் சொன்னால் போதும் என்றாள்.

"நீ சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் ஆவாது. ஸ்கேன்ல எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாவ. தாத்தா வச்ச மரம். நீ போவாட்டா யாரு போவா?"

"சரிட்டி. சூடு ஆறதுக்குள்ள களியத் தின்னு."

"சொல்லுவியாம்மா?"

"நல்லெண்ண இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள் ஆனந்தவள்ளி. கருப்பட்டி மணத்தோடு ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மகள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாசில்தார் வந்த அன்று சாரல் நிற்கவே இல்லை. புளியமரத்தடியில் ஊரே குடையோடு நின்றது. விஜயசங்கர் காரில் இருந்து இறங்கி ஓரமாக நின்றான். தாசில்தார் ஒவ்வொருவராகக் கேட்டார். தெரியாது, கவனிக்கவில்லை, நான் இந்தப் பக்கம் வருவதில்லை. பாண்டிராஜும் வந்திருந்தான். அவனைக் கேட்டபோது, முன்னே நடந்தது நடந்துபோயிற்று என்று மட்டும் சொன்னான். தாசில்தாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. காலுக்குக் கீழே பாதை தேய்ந்து கிடப்பது அவருக்கும் தெரிந்தது. இத்தனை பேர் நடந்து தேய்ந்த தடத்தில் நின்றுகொண்டு இத்தனை பேரும் தெரியாது என்கிறார்களே என்று முனகினார்.

இசக்கியப்பன் முன்னால் வரப் பார்த்தார். நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லத்தான் வந்தார், அதற்கு வேண்டிய தைரியத்தை இரண்டு நாளாகச் சேர்த்துவைத்திருந்தார். ஆனந்தவள்ளி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கல்யாணமான நாள் முதல் ஊர் முன்னால் அவள் அவரைத் தொட்டது கிடையாது.

"அம்மா, தோட்டம் உங்களோடதுதானே" என்றார் தாசில்தார். "நீங்க சொல்லுங்க. இங்க வழி இருந்துச்சா, இல்லையா? இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அவள் மாடனைப் பார்த்தாள். மாடன் என்றால் ஒரு கல்தூண்தான், மழையில் மஞ்சள் கரைந்து வடிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து பாதை தொடங்கியது. சின்ன வயசில் அப்பா முன்னே நடக்க, அவர் மிதித்த இடத்திலேயே மிதித்துப் போன பாதை. எந்த இடத்தில் வேர் தட்டும், எங்கே வழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

"இல்ல சார்" என்றாள். "இங்கன வழி கெடையாது. எங்க வீட்டுக்காரவ சொன்னதுதான்."

ஊர் பெருமூச்சு விட்டது. பேராச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாசில்தார் கொஞ்ச நேரம் ஆனந்தவள்ளியையே பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். விஜயசங்கர் போகும்போது இசக்கியப்பனுக்குக் கும்பிடு போட்டான். பாண்டிராஜ் அக்காளுக்கு அருகில் வந்து குடையைப் பிடித்தான். அவள் குடைக்குள் வரவில்லை, நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வருஷம் மங்குஸ்தான் முழுக்க மேலேயே விழுந்தது. ஆவணியில் முத்துச்செல்விக்கு ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. மாடன் காப்பாற்றிவிட்டான் என்று ஊர் சொன்னது. இசக்கியப்பன் கிடாய் வெட்டிப் பொங்கலிட்டார். பொங்கல் இறக்கின கையோடு ரிசார்ட்டுக்காரன் மறுபடி விலை கேட்டு ஆள் அனுப்பினான், இந்தத் தடவை பாதி விலைக்கு. வழி இல்லாத தோட்டத்துக்கு அது அதிகம் என்று சொல்லி அனுப்பினானாம். ஆனந்தவள்ளி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராச்சாப்பாட்டில் புருஷனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. அதற்கு அப்புறமும் அவரிடம் அதிகம் பேசுவதில்லை. அவர் கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான்.

மறு வருஷம் சாரல் தொடங்கி ஒரு நாள், ஆனந்தவள்ளி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் பராக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த வீட்டு நடையில் இசக்கியப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகில் பையோடு நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். கோபுரம் தெரிகிற பாறைக்கு இந்தப் பக்கமாகத்தானே போகவேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள்.

"இங்கன வழி கெடையாதும்மா."

"மேப்ல காட்டுதே ஆன்ட்டி" என்று அந்தப் பெண் போனை நீட்டினாள். பாண்டிராஜ் கூட்டிப்போன யாரோ ஒருவர் பதிந்துவைத்தது. மாடன் பின்னாலிருந்து புறப்பட்டு, வளைந்து, ஜீப் ரோட்டில் சேர்ந்து, வளைவில் பிரிந்து, அப்பாவின் மரங்களுக்கு நடுவே ஏறிப் பாறைவரை ஒரு நீலக் கோடு போனது. ஒரு இடத்திலும் தப்பு இல்லை.

ஆனந்தவள்ளி அந்தக் கோட்டை ஆதிமுதல் அந்தம்வரை பார்த்தாள். குழந்தை போனைப் பிடிக்கக் கையை நீட்டியது, அந்தக் கையைப் பிடித்து மடக்கிக்கொண்டாள். வீட்டு நடையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அது தப்பாக் காட்டுது" என்றாள், நடைவரை கேட்கும்படியாக. "எங்க வீட்டுக்காரவ சாமி முன்னால கற்பூரம் அமத்திச் சொல்லியிருக்காவ. இங்கன எந்தக் காலத்துலயும் வழி கெடையாது."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேங்க்ஸ் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, வந்த ரோட்டிலேயே திரும்பிப் போனார்கள்.